கழுவிக் கொடுத்த கதவு

கதவைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் அதைக் குளிப்பாட்டினாள்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் துளி சோப்பு, பழைய பருத்தித் துணி. மேலிருந்து கீழே, ஒரே திசையில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் உழைத்த கை அது. எதைப் பிழியலாம், எதை ஒற்ற மட்டும் செய்யலாம் என்று அதற்குத் தெரியும். நெற்றி, புருவம், மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தாள். இடது காதுக்கு வந்தபோது துணியை விரலில் சுற்றிக்கொண்டாள். உலர்ந்ததும் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். "படத்துக்கும் தோல் இருக்கு, காய விடக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனது. கதவு எண்ணெயைக் குடித்துவிட்டு நேற்றுப் பிறந்ததுபோல மினுங்கியது.

"உங்கம்மாவை இப்படிச் சிங்காரிச்சு அனுப்பறியே, ஹீரோயினுக்கு வயித்தெரிச்சல் வரப்போவுது" என்றான் கணவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கையில் திருப்புளியோடு கீல் பக்கத்தில் குந்தியிருந்தான். "மருமகன் கண்ணால பார்க்காத மாமியார், மூணு நாள் கால்ஷீட் குடுத்துட்டாங்க பாரு."

"வாயை மூடிட்டு ஸ்க்ரூவை ஒரு டப்பாவுல போட்டு வைங்க. நாலாம் நாள் திரும்ப மாட்டணும்."

உள்ளறைக் கதவு அது. அதன் உட்பக்கத்தில் அவளுடைய அம்மா ஆள் உயரத்துக்கு நின்றாள். வலது கை தாழ்ப்பாளின் மேல். அறைக்குள் வந்து இப்போதுதான் கதவைச் சாத்தியவள்போல, எதையோ சொல்ல வாயெடுத்தவள்போல. பஸ் கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பா, டின்களின் அடியில் ஒட்டியிருந்த எனாமலைச் சுரண்டிக்கொண்டு வந்து எழுதியது. தூரிகை பிடிக்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அம்மா செத்த மாதம் உட்கார்ந்து எழுதினாராம். வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. "மறக்கறதுக்குள்ள எழுதிடணும்னு எழுதினேன்" என்பார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்குத் தெரிந்த அம்மா, கதவில் இருந்த அம்மாதான்.

இடது காதின் மடல் கிழிந்திருக்கும். ஒன்பது மாதக் குழந்தையாக மடியில் கிடந்தபோது கம்மலோடு பிடித்து இழுத்தவள் இவள். ரத்தம் கொட்டக் கொட்ட அம்மா சிரித்தாளாம். அப்பா கிழிசலையும் விடாமல் எழுதியிருந்தார்.

அப்பா பலகையிலும் தகரத்திலும் எழுதியவை நூற்றுக்கு மேல் இருந்தன. அவர் போன பிறகு ஒரு பெரிய மனிதர் வந்து, "நாலு பேருக்குக் காட்டிட்டுத் தர்றேன்" என்று வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். அவை இப்போது, இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனாலும் காவல்காரன் உள்ளே விடாத வீடுகளில் மாட்டியிருந்தன. கதவு மட்டும் தப்பித்தது. காரணம், அது கீலில் மாட்டியிருந்தது.

அந்தப் பெரிய மனிதர்களெல்லாம் கொண்டாடிக் கொண்டாடி, கடைசியில் அப்பாவின் வாழ்க்கையைப் படம் எடுக்க ஒரு டைரக்டர் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, கதவின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அவர் உங்களுக்கு மட்டும் அப்பா இல்ல. எங்க எல்லாருக்கும் அப்பா."

"அப்படின்னா நான் உங்க எல்லாருக்கும் மாப்பிள்ளை" என்றான் கணவன். "கீழ உட்காராதீங்க மச்சான், ஸ்டூல் எடுத்தாரேன்."

டைரக்டர் சிரித்தார். பின்னால் நின்ற மேனேஜர், டைரக்டர் சிரித்ததால் சிரித்தார். நகல் செய்து பார்க்க இரண்டு நாள், அசலை வைத்து எடுக்க ஒரு நாள், நாலாம் நாள் காலையில் கதவு வாசலில் இருக்கும் என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குள் அவளுடைய வீட்டையே கட்டியிருந்தார்கள். முதல் நாள் பார்த்தபோது யார் வீடென்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மூலையில் ஒட்டடை. கட்டிலின் மேல் விரித்திருந்த துணியை ஆஸ்பத்திரியில் பார்த்தால் எரிக்கச் சொல்லியிருப்பார்கள். ஓர் ஆள் மருந்தடிக்கிற பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, சாம்பல் கலந்த தண்ணீரைச் சுவரில் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"இது என்னப்பா வேலை?"

"அழுக்கு அடிக்கறதுதான் அக்கா."

"இதுக்குச் சம்பளமா?"

"பின்ன?"

"அழுக்கை எடுக்கறதுக்குத்தான் எனக்குத் தர்றாங்க" என்றாள். "எங்க வீடு இப்படி இருந்ததில்ல தம்பி. பட்டறையிலிருந்து வந்தா அப்பா குளிச்சிட்டுத்தான் வாசப்படி தாண்டுவாரு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

அதை அவள் டைரக்டரிடமும் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, "அருமை" என்றார். அப்பாவாக நடித்த நாயகன் இருபத்திரண்டு நாளாகக் குளிக்கவில்லை. பாத்திரத்துக்குள் இறங்கியிருந்தார். குளிர்சாதன வேனிலிருந்து அவர் இறங்கி நடக்கும்போது, பாத்திரம் அவருக்கு நாலடி முன்னால் வந்தது. மூக்கைப் பிடிக்காமல் நிற்கிறவனுக்குத்தான் அந்த யூனிட்டில் வேலை நிலைக்கும் என்று லைட் பிடிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நகல் எழுதியவன் ஓர் ஒல்லியான ஆள். செட்டில் எல்லாரும் அவனைப் "பிரஷ்" என்றே கூப்பிட்டார்கள். அசல் கதவைச் சுவரில் சாய்த்துவைத்து, அளவெடுத்து அறுத்த இன்னொரு கதவில் எழுதிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அக்கா, இந்தக் கன்னத்தை உங்கப்பா மூணே இழுப்புல எழுதியிருக்காரு. நான் முப்பது இழுத்துட்டேன். வரல."

"நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. ரேஷன் கடைச் சுவத்துல எழுத ஆரம்பிச்சேன்."

அவள் நகலைப் பார்த்தாள். கையும் தாழ்ப்பாளும் அச்சு மாதிரி வந்திருந்தன. முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"டைரக்டர் உத்தரவு அக்கா" என்றான் அவன். "ஹீரோயின் சாயல் வரணுமாம். காதும் கிழியக் கூடாதாம், கம்மல் கம்பெனி விளம்பரம் இருக்காம். எரிக்கறதுக்குத்தானே, போவட்டும்."

"எரிக்கறதா?"

"உங்கப்பா கோவத்துல படத்தையெல்லாம் போட்டுக் கொளுத்தற மாதிரி கடைசி சீன்."

அப்பா வாழ்நாளில் வீட்டுக்குள் தீக்குச்சி கிழித்தவரல்ல. பெயிண்ட் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தவர். பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டினால் இவர் ஜன்னலைச் சாத்துவார். இதையும் அவள் டைரக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"கலைஞன்னா எரிக்கணும்மா" என்றார் அவர் அன்பாக. "உள்ளே எரிஞ்சிருப்பாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

இரண்டாம் நாள் நகல் கதவுக்கு வயதேற்றினார்கள். டீயைக் கொதிக்கவைத்துப் பூசி, சாம்பல் தூவி, உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களை ஆணியால் கீறினார்கள். அசல் கதவின் பின்புறத்தில் பிரஷ் அடையாளத்துக்காகச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவைத்தான். அசலை வைத்து எடுக்க வேண்டிய காட்சி அன்றைக்கே முடிந்துவிட்டது. "என்னய்யா இவ்வளவு பளபளன்னு இருக்கு, நம்பும்படியா இல்லயே" என்று கேமராக்காரர் அலுத்துக்கொண்டதாகக் கேள்வி.

மூன்றாம் நாள் அவளுக்குச் சலவைக்கூடத்தில் மதியத்துக்கு மேல்தான் முறை. காலையிலேயே கிடங்குக்குப் போனாள். அசல் கதவின்மேல் டீத் துளிகளும் சாம்பலும் தெறித்திருந்தன. கூட்டத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் தேடிக் கண்டுபிடித்தவள்போல அவள் முகம் ஆகிவிட்டது. குழாயடியில் வாளி பிடித்தாள். முன்புறம் துடைத்தாள். கதவு என்றால் இரண்டு பக்கமும் கதவுதானே? பின்புறமும் துடைத்தாள். கைப்பையில் கொண்டுவந்திருந்த சீசாவிலிருந்து எண்ணெய் தேய்த்தாள். நகலின் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். அவள் அம்மா மறுபடியும் மினுங்கினாள்.

பத்து மணிக்கு, "சம்பந்தமில்லாதவங்க வெளிய போங்க" என்றான் மைக்கில் ஒருவன். அவளும் வெளியே போய்க் கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தாள். பிரஷ்ஷை நாயகனின் வேனுக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய நகக்கண்ணில் அழுக்குப் போதவில்லையாம். மெல்லிய தூரிகையால் பத்து விரலுக்கும் எழுத வேண்டும். ஏழாவது விரலில் இருந்தபோது கிடங்குக்குள்ளிருந்து மைக் சத்தம் கேட்டது.

"எரிக்கற கதவைத் தூக்கிட்டு வாங்கப்பா. பழசைத் தொடாதீங்க, அசல் அது. புதுசா இருக்கு பாரு, அதை எடு."

சுமப்பவர்கள் இரண்டு பேர். ஒரு கதவு கறுத்து, கீறிக்கிடந்தது. இன்னொன்று பளபளவென்று இருந்தது. பின்னால் அடையாளம் எதுவுமில்லை. புதியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடங்கின் கதவிடுக்கில் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. எனாமல் கருகும் நெடி வந்தது. நாயகன் ஓலமிடுவது கேட்டது. அப்புறம் கைதட்டல். வெகுநேரம் தட்டினார்கள். டைரக்டர் கண்ணீரோடு வெளியே வந்து, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கட்டிப் பிடித்தார். டீ கொண்டுவந்த பையனும் தப்பவில்லை.

"ஒரே டேக்! என்ன நெருப்பு, என்ன நெருப்பு! பெட்ரோல்கூட ஊத்தல. டேய் பிரஷ், அப்படி என்னடா பூசின அதுமேல?"

நாயகனை உள்ளே அனுப்பிவிட்டு, வேனில் வண்ணக் கிண்ணங்களைக் கழுவி முடித்து, நகம் எழுதும் தூரிகையோடு வந்துகொண்டிருந்த பிரஷ் நின்றான்.

"நான் ஒண்ணும் பூசலியே சார்."

சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவள் மடியில் எண்ணெய்ச் சீசா இருந்தது. அவன் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

அவள் உள்ளே போனபோது சுவரில் ஒரு கதவு சாய்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காதைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. அதில் ஒரு கம்மல் ஜொலித்தது.

மேனேஜர் வந்தார். டைரக்டர் வந்தார். கலை நிபுணர் என்று ஒருவரைப் படத்துக்கு ஆலோசகராக வைத்திருந்தார்கள். கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். அவரையும் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றி, குனிந்து, நிமிர்ந்து, ஓர் அடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கினார்.

"சந்தேகமே இல்ல. இதுதான் அசல். இந்த நிறம் மங்கியிருக்கற விதத்தைப் பாருங்க. நாப்பது வருஷக் காத்தும் வெயிலும் இல்லாம இது வராது. காலம் எழுதின எழுத்து. இதை யாராலயும் போலி பண்ண முடியாது."

"சார், எங்கம்மாவுக்குக் காது கிழிஞ்சிருக்கும்."

"நினைவு மாறும் அம்மா. பொருள் மாறாது."

அவள் கட்டை விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கினாள். நாற்பது வருஷத்துக் காற்றும் வெயிலும் படிந்திருந்த இடத்தில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். விரலை எடுத்து நிபுணரின் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள். பழுப்பாக இருந்தது.

"ரத்தக் கறை, மருந்துக் கறை, சீழ்க் கறை, டீக் கறை. ஒரு நாளைக்கு நானூறு துணி பார்க்கறேன் சார். இது டீ. சர்க்கரை போட்ட டீ. ஒட்டுது பாருங்க."

அழுக்கு அடிக்கிறவன் பம்பை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான்.

மேனேஜர்தான் முதலில் தேறினார். "இருங்க, இருங்க. பின்னால போட்டிருந்த வட்டம் எங்க போச்சு? யாரு அழிச்சது?"

"நான்தான் துடைச்சேன்."

"உங்களை யாரு துடைக்கச் சொன்னது? ஏம்மா, நாப்பது வருஷத்துப் பொருளை யாராவது கழுவுவாங்களா? அப்படியே வச்சிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்குமா? பழசு பழசா இருக்கணும்மா. நீங்க பண்ணிட்டு எங்க தலையில கட்டறீங்க."

"எங்க வீட்டுக் கதவு" என்றாள். குரல் உயர்ந்து கிடங்கின் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. "வீட்டை விட்டு ஒரு பொருள் வெளிய போனா நாங்க கழுவித்தான் அனுப்புவோம். நாங்க பொணத்தையே கழுவித்தான் அனுப்பறோம். உங்களுக்கு நாங்கன்னா அழுக்கு. அழுக்கா இல்லைன்னா அது நாங்களே இல்ல, போலி! கொளுத்திடலாம்! அப்படித்தானே?"

டைரக்டர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவை ஈரமாக இருந்தன. "இந்தக் கோபம்... இது உங்க அப்பாவோட கோபம்" என்றார் உருக்கமாக. அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பழுப்பு விரலை உடுப்பில் துடைத்தாள்.

மேனேஜர் அவளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். நடந்தது நடந்துவிட்டது, கதவு கதவுதான், நிபுணரே கையெழுத்திட்ட சான்றிதழ் தருவார், பார்க்கிறவனுக்கு எது தெரியப்போகிறது? பிரஷ்தான், "சார், அது நான் எழுதினது சார்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். இரண்டு தடவை சொன்னான். சாயங்காலம் அவன் தன் தூரிகைப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றான். அதற்குப் பிறகு அந்த ஆட்கள் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அவள் அந்தக் கதவை வாங்கிக்கொள்ள மறுத்தாள். மறுத்தது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. அது ஒரு கண்காட்சி மண்டபத்துக்குப் போனது. கண்ணாடிக் கூண்டு, சுற்றிலும் கயிறு, "தொடாதீர்கள்" என்று ஒரு பலகை. வரிசையில் நின்று பார்த்தார்கள்.

போலீஸில் சொன்னாள். "கதவு காணலியா, இருக்கா?" என்று கேட்டார் ஏட்டு. "கண்ணாடிக்குள்ள இருக்குங்கறே, சான்றிதழ் இருக்குங்கறே. அப்புறம் எதும்மா காணல?"

வீட்டில் உள்ளறை வாசலில் ஒரு போர்வை தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷ் சைக்கிளில் ஒரு கதவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கேயோ இடித்த வீட்டிலிருந்து வாங்கியது. கணவன் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஸ்க்ரூக்களைப் போட்டே மாட்டினார்கள். பிரஷ் வெள்ளை பூசி, காயவைத்து, கையையும் தாழ்ப்பாளையும் ஞாபகத்திலிருந்தே எழுதினான். கிழிந்த காதை எழுதினான்.

"முகம் நான் தப்பா எழுதி எழுதி, உங்கப்பா எழுதினது எனக்கு மறந்தே போச்சுக்கா. நீங்க சொல்லுங்க. மூக்கு எப்படி?"

அவள் வாயைத் திறந்தாள். நாற்பது வருஷமாகத் தினமும் பார்த்த மூக்கு. கூரா, சப்பையா? அவள் கண்ணை மூடினாள். காது வந்தது. காது மட்டும்தான் வந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. "போகாதே, வயித்தெரிச்சல்" என்றான் கணவன். அவள் காலை முறை முடிந்து, கையில் சலவைச் சோடா மணத்தோடு பகல் காட்சிக்குப் போனாள். இரண்டேகால் மணி நேரம் அழுக்கான ஒரு மனிதன் ஓர் அழுக்கு வீட்டில் குடித்துவிட்டுக் கத்தினான். பக்கத்தில் ஒருத்தி விசும்பிக்கொண்டே வறுத்த கடலை தின்றாள். அசல் கதவை வைத்து இரண்டாம் நாள் எடுத்த காட்சியை வெட்டிவிட்டிருந்தார்கள். கடைசியில் அவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

திரை முழுக்க அம்மா வந்தாள். இரண்டு மாடி உயரம். கை தாழ்ப்பாளில். காது கிழிந்திருந்தது. எண்ணெய் தேய்த்த கன்னத்தில் அடியிலிருந்து வெளிச்சம் ஏறியது. ஒன்று, இரண்டு என்று தன்னையறியாமல் எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் முகம் கறுத்துவிட்டது. கொட்டகையே எழுந்து கைதட்டியது.

மறுநாளும் போனாள். டிக்கெட் கிழிப்பவன், "மறுபடியுமாம்மா? அவ்வளவு பிடிச்சுதா?" என்றான். மூன்றாம் நாள் தாமதமாக வந்து, "கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் உள்ள விடேம்பா" என்று கேட்டாள். பத்து நிமிஷத்துக்கென்று தனி டிக்கெட் கிடையாது என்றான் அவன். முழு டிக்கெட் எடுத்தாள்.

ஒரு நாளைக்கு ஏழு எண்ணிக்கை. அதற்குள் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, ஒன்றைத்தான் பார்க்கலாம். முதலில் புருவம் பார்த்தாள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்து பிரஷ்ஷிடம் சொன்னாள். அவன் எழுதினான். பிறகு ஒரு நாள் வலது கண், ஒரு நாள் இடது கண். மூக்குக்கு இரண்டு நாள் ஆயிற்று. கூரும் இல்லை, சப்பையும் இல்லை. நுனியில் இவளுடையதைப் போலவே ஒரு சின்னத் திரட்சி. பதினோராம் நாள் கன்னம். பிரஷ் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு மூன்றே இழுப்பில் எழுதினான். எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

வாய் மட்டும் பாக்கி.

"நாளையோட படத்தைத் தூக்கறாங்கம்மா" என்றான் டிக்கெட் கிழிப்பவன் வியாழக்கிழமை. "வேற படம் வருது. கூட்டமில்ல. உங்களை நம்பி எத்தனை நாள் ஓட்டறது?"

வெள்ளிக்கிழமை அவள் முறையை மாற்றிக்கொண்டு வந்தாள். வெளியே ஏணிமேல் ஒருவன் நின்று புதிய சுவரொட்டியைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். அவள் முன்வரிசைக்குப் போய் நின்றாள்.

திரையில் அவன் தீக்குச்சியைக் கிழித்தான். அம்மா வந்தாள். நெருப்பு கீழேயிருந்து ஏறுவதால் முதலில் தொடுவது மோவாயைத்தான், அடுத்தது வாயை. ஏழில் இரண்டுகூட வாய்க்குக் கிடையாது. இமைத்துவிடாதபடி அவள் தன் கண்ணிமையை விரலால் பிடித்துக்கொண்டாள். ஒன்று. உதடுகள் கொஞ்சம் பிரிந்திருந்தன. இரண்டு. சூட்டில் எனாமல் கொப்பளித்து எழும்பியது. கீழுதடு நடுங்கிப் பிளந்தது. நாற்பது வருஷமாகச் சொல்ல வாயெடுத்து நின்றவள் வாயை அகலத் திறந்தாள்.

பின்னால் யாரோ, "ஏம்மா, உட்காரும்மா, மறைக்குது" என்று கத்தினார்கள்.